ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உடம்பெல்லாம் வலி: இதற்கு ஒரு பெயர் உண்டா?

என் சித்தியிடம் ஒரு மஞ்சள் துணிப்பை இருந்தது. ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்தது. நான்கு வருஷத்து ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதற்குள்தான். முதுகுக்கு ஒரு எம்.ஆர்.ஐ., கழுத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ., முழங்காலுக்கு எக்ஸ்ரே, கணக்கில்லாத ரத்தப் பரிசோதனைத் தாள்கள். எதை எடுத்துப் பார்த்தாலும் 'நார்மல்', மிஞ்சிப்போனால் 'லேசான தேய்மானம்'. ஆனால் தினமும் காலையில் எழுந்ததும் அவர் சொல்வது ஒன்றுதான்: "ராத்திரி பூரா யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குடா."

ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் வீட்டில் மற்றவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. சித்திக்கு அதுவே பயமாக இருந்தது. வலி இருக்கிறது, காரணம் அகப்படவில்லை. அப்படியென்றால் எல்லோரும் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், சத்து ஊசி, குளுக்கோஸ் என்று சுற்றி, ஐந்தாவது வருஷம் ஒரு மருத்துவர் பையைத் திறக்கும் முன்பே, "ராத்திரி எப்படித் தூங்குறீங்க?" என்று கேட்டார். இருபது நிமிஷம் கேள்விகள்தான். அப்புறம்தான் ஃபைப்ரோமயால்ஜியா என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

நான் மருத்துவர் இல்லை. சித்தியோடு போய் உட்கார்ந்து கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். இப்படி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், மருத்துவர் முன்னால் எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க இது உதவும்.

வலி எங்கிருந்து வருகிறது

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். அதை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். முதல் வகை, சதையிலோ எலும்பிலோ மூட்டிலோ உண்மையாகவே ஒரு சேதமோ வீக்கமோ இருந்து வருவது. கால் சுளுக்கியதும் மூட்டு தேய்ந்ததும் இதில் சேரும். இரண்டாவது, நரம்பே பழுதாகி வருவது. சர்க்கரை நோயில் பாதம் எரிவது இப்படித்தான். நெடுங்காலம் இந்த இரண்டுதான் கணக்கில் இருந்தன. இரண்டிலும் அடங்காத வலிக்காரர்கள் எல்லோரும் 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

2017இல் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் மூன்றாவது வகையை முறையாக ஏற்றுக்கொண்டது. நோசிபிளாஸ்டிக் வலி என்று அதற்குப் பெயர். உடம்பில் சேதமும் இல்லை, நரம்பில் பழுதும் இல்லை. வலியைக் கையாளும் மூளையும் தண்டுவடமும் வேலை செய்யும் விதம் மாறிப்போயிருக்கிறது. ஃபைப்ரோமயால்ஜியா இந்த வகைக்கு நல்ல உதாரணம்.

ஊர்க் கோயில் கொடைக்குக் கட்டும் மைக் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரில் திருகை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டால், மைக் முன்னால் ஒருவர் மூச்சு விட்டாலே குழாய் ஸ்பீக்கர் அலறும். காற்று அடித்தாலும் இரைச்சல்தான். பேசுகிறவரின் தொண்டையை எத்தனை தடவை சோதித்தாலும் கோளாறு அகப்படாது. அது ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது. ஆனால் பந்தலில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழும் சத்தம் முழுக்க உண்மை.

இதைச் சோதித்தும் காட்டியிருக்கிறார்கள். 2002இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கிரேஸ்லி, டேனியல் கிளாவ் குழுவினர் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 16 பேரையும் இல்லாத 16 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். கட்டைவிரல் நகத்தில் அழுத்தம் கொடுத்தபடியே மூளையை ஸ்கேன் செய்தார்கள். மற்றவர்களுக்கு ஒரு வலி தெரிய எவ்வளவு அழுத்தம் வேண்டியிருந்ததோ, அதில் ஏறக்குறைய பாதியிலேயே நோயாளிகளுக்கு அதே வலி தெரிந்தது. மூளையில் வலி சம்பந்தப்பட்ட அதே இடங்கள் தூண்டப்பட்டதும் படத்தில் தெரிந்தது. சித்திக்கு இதைப் படித்துச் சொன்ன அன்று அவர் அழுதார். தன் வலிக்குச் சாட்சி சொல்ல யாரோ எங்கோ இருந்திருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் காரணம்.

தூக்கத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கனடாவின் டொராண்டோவில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி என்பவர் 1975இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நல்ல ஆரோக்கியமான சிலரைத் தூங்கவிட்டு, அவர்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகும்போதெல்லாம் சத்தம் எழுப்பித் தடுத்தார்கள். எழுப்பவில்லை, ஆழத்தை மட்டும் கெடுத்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்கு உடம்பு வலியும் அசதியும் வந்துவிட்டன. "எட்டு மணி நேரம் படுத்திருந்தேன், தூங்கின மாதிரியே இல்லை" என்று இந்த நோயாளிகள் சொல்வது ஏன் முக்கியமான தகவல் என்று இப்போது புரியும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

நோய் புதிதல்ல. 1904இல் இங்கிலாந்தின் வில்லியம் கோவர்ஸ் இதற்கு ஃபைப்ரோசைடிஸ் என்று பெயர் வைத்தார். சதை நாரில் அழற்சி என்பது அதன் பொருள். பின்னால் அப்படி ஒரு அழற்சியே இல்லை என்று தெரிந்ததும், 1970களில் 'வலி' என்பதை மட்டும் குறிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற பெயர் வந்தது. 1990இல் அமெரிக்க ருமட்டாலஜி (மூட்டு, தசை நோய் மருத்துவம்) கல்லூரி முதல் முறையாக ஒரு வரையறை வகுத்தது. உடம்பில் 18 புள்ளிகளைக் கட்டைவிரலால் சுமார் 4 கிலோ அழுத்தத்தில் அழுத்த வேண்டும். உடம்பெங்கும் பரவிய வலியோடு, 11 இடத்திலாவது வலித்தால் நோய் உண்டு. இணையத்தில் இன்னும் பலர் இந்த 18 புள்ளிப் படத்தையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய முறை. ஒருவர் அழுத்துவது போல் இன்னொருவர் அழுத்துவதில்லை, அசதியையும் தூக்கத்தையும் அது கணக்கிலேயே எடுக்கவில்லை என்பதால் 2010இல் கைவிட்டார்கள். இப்போது பயன்படுவது 2016இல் திருத்தப்பட்ட வரையறை.

அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் வீட்டில் உட்கார்ந்தே நீங்கள் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. உடம்பை 19 இடங்களாகப் பிரிக்கிறார்கள். இரண்டு தாடை, இரண்டு தோள், இரண்டு மேல்கை, இரண்டு முன்கை, இரண்டு இடுப்புப் புட்டம், இரண்டு தொடை, முழங்காலுக்குக் கீழே இரண்டு கீழ்க்கால் என்று பதினான்கு. கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, நெஞ்சு, வயிறு என்று ஐந்து. கடந்த ஒரு வாரத்தில் இவற்றில் எத்தனை இடத்தில் வலி இருந்தது என்று எண்ண வேண்டும். ஒன்றுக்கு ஒரு மதிப்பெண்.

அடுத்தது தீவிரக் கணக்கு. அசதி, எழுந்தும் தீராத தூக்கக் களைப்பு, ஞாபகமும் கவனமும் மங்குவது ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொன்றாக 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் தலைவலி, அடிவயிற்று வலி அல்லது பிடிப்பு, மனச்சோர்வு இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1 சேர்த்துக்கொள்ள வேண்டும். கூட்டினால் அதிகபட்சம் 12.

வலி இடங்கள் 7 அல்லது அதற்கு மேலும் தீவிரம் 5 அல்லது அதற்கு மேலும் இருந்தால் பொருந்தும். இடங்கள் 4 முதல் 6 வரைதான் என்றால் தீவிரம் 9 ஆவது இருக்க வேண்டும். கூடவே, இடது மேல்பக்கம், வலது மேல்பக்கம், இடது கீழ்ப்பக்கம், வலது கீழ்ப்பக்கம், நடு உடம்பு என்ற ஐந்து பகுதிகளில் நான்கிலாவது வலி பரவியிருக்க வேண்டும். மூன்று மாதமாவது இதே அளவில் நீடித்திருக்க வேண்டும்.

இந்த வரையறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதன் கடைசி வரி. வேறு நோய் இருந்தாலும் ஃபைப்ரோமயால்ஜியாவும் சேர்ந்து இருக்கலாம் என்கிறது அது. 'எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதற்கு வைக்கும் பெயர்' என்று பலர், சில மருத்துவர்கள் உட்பட, இதை நினைக்கிறார்கள். அப்படியில்லை. இதற்கென்று அடையாளங்கள் உண்டு, அவற்றை வைத்தே சொல்லலாம். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு இதுவும் கூடவே இருக்கிறது. அவர்களுக்கு மூட்டு வீக்கம் வடிந்த பிறகும் வலி குறையாது. இரண்டாவதைக் கண்டுகொள்ளாவிட்டால் முதலாவதற்கான மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஆபத்து இருக்கிறது.

உலகில் நூற்றுக்கு 2 முதல் 4 பேர் வரை இந்த நோய் உள்ளவர்கள் என்பது பொதுவான மதிப்பீடு. பெண்கள் அதிகம். ஆண்களுக்கும் வரும், பிள்ளைகளுக்கும் வரும். ஆண்கள் 'உடம்பெல்லாம் வலிக்குது' என்று சொல்லவே தயங்குவதால் அவர்களிடம் இது தவறிப்போகிறது.

வேறு எதுவாக இருக்கலாம்

மேலே சொன்ன கணக்கு பொருந்திவிட்டது என்பதற்காக நீங்களே முடிவு கட்டிவிடக் கூடாது. இதே மாதிரி வேஷம் போடும் நோய்கள் பல, அவற்றில் சிலவற்றுக்கு நேரடி மருந்தும் உண்டு. சிலவற்றைத் தாமதித்தால் இழப்பு பெரிது.

நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியவை தைராய்டும் வைட்டமின் டி குறைவும். தைராய்டு குறைந்தால் உடம்பு வலி, அசதி, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மாதவிடாயில் மாற்றம் எல்லாம் வரும், டி.எஸ்.எச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வைட்டமின் டி மிகவும் குறைந்தால் எலும்பு மென்மையாகிவிடும். அந்த வலிக்கு ஓர் அடையாளம் உண்டு: கணைக்கால் எலும்பை, அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் எலும்பை அழுத்தினால் வலிக்கும், குந்தி உட்கார்ந்து எழக் கஷ்டமாக இருக்கும், நடையே மாறும். இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்காதீர்கள். வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் இருப்பவர்களுக்கு வெயில் எங்கே படுகிறது? ரத்தச் சோகையையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து முடக்குவாதம். இதில் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் கண்ணுக்குத் தெரியும்படி வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டுக் கோணல்களைத் தடுக்கலாம் என்பதால் இதில் தாமதம் கூடவே கூடாது. இளம் வயது ஆண்களுக்கு, படுத்திருந்தால் கூடி நடமாடினால் குறையும் முதுகுவலி என்றால் அது முதுகெலும்பு மூட்டு அழற்சியாக இருக்கலாம். முகத்தில் வெயில் பட்டால் தடிப்பு, வாய்ப்புண், முடி கொட்டுதல் சேர்ந்து வந்தால் லூபஸை (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) நினைக்க வேண்டும். வலியை விட பலவீனம் முன்னால் நின்றால், உதாரணமாகக் கையைத் தூக்கித் தலை வாரவே முடியவில்லை என்றால், தசை அழற்சியைத் தேடும் சி.பி.கே. பரிசோதனை வேண்டும்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாக இரண்டு தோளும் இடுப்பும் காலையில் விறைத்து, படுக்கையிலிருந்து எழவே முடியாமல் போனால் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற வேறு ஒரு நோய் இருக்கிறது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் குழப்பம் வரும். அதில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்த அளவுகள் பொதுவாகக் கூடியிருக்கும், குறைந்த அளவு ஸ்டீராய்டிலேயே நாட்களில் வியக்கும்படி குணம் தெரியும். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ஸ்டீராய்டு உதவாது. வயதானவர்களுக்கு எலும்பு வலியோடு ரத்தச் சோகையும் சேர்ந்து வந்தால் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயையும் விலக்கிப் பார்ப்பார்கள்.

மாத்திரைகளும் காரணமாகலாம். கொழுப்பைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின்கள் சிலருக்குச் சதை வலி தரும். மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு கொடுக்கும் லெட்ரசோல் போன்றவை மூட்டு வலி தரும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம் மண்ணோடு சேர்ந்த இரண்டை விட்டுவிட முடியாது. ஒன்று சிக்குன்குனியா. 2006இல் தமிழ்நாட்டைப் புரட்டிப்போட்ட காய்ச்சல் அது. அந்தப் பெயருக்கே 'வளைந்து போவது' என்பதுதான் பொருள், ஆப்பிரிக்காவின் மகோண்டே மொழியில். காய்ச்சல் போன பிறகும் மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில், மூட்டு வலி நிற்கும். இன்னொன்று ஃபுளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் அது அதிகம். பல வருஷம் அந்தத் தண்ணீரையே குடித்தவர்களுக்குப் பற்கள் பழுப்பாவது தவிர, முதுகும் மூட்டுகளும் விறைத்து வலிக்கும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருப்பது இதனால்தான். எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்பதும் மருத்துவருக்குத் தேவையான தகவல்தான்.

கீழே சொல்வது எதுவும் இருந்தால் ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்: காரணமில்லாமல் எடை குறைவது, விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டு வீக்கம், கை கால் பலம் இழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் எலும்பு வலி. உடனே பார்க்க வேண்டும்.

பரிசோதனைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை

நார்மல் ரிப்போர்ட் மட்டுமா குழப்பும்? நார்மல் இல்லாத ரிப்போர்ட் அதைவிடவும் குழப்பும்.

ஏ.என்.ஏ. என்ற பரிசோதனை லூபஸைத் தேட உதவுவது. ஆனால் எந்த நோயும் இல்லாதவர்களிலேயே, ரத்தத்தை 80 மடங்கு நீர்த்துச் சோதிக்கும் 1:80 என்ற அளவில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு அது பாசிட்டிவ் வரும். அறிகுறி இல்லாமல், 'எதற்கும் எடுத்துப் பார்ப்போம்' என்று எடுத்து, பாசிட்டிவ் வந்து, மாதக் கணக்கில் தூக்கம் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எம்.ஆர்.ஐ.யும் அப்படித்தான். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் 96 சதவீதம். அதாவது நரை மாதிரி அது. உங்கள் ஸ்கேனில் 'டிஸ்க் பல்ஜ்' என்று எழுதியிருப்பது உங்கள் தாடை முதல் பாதம் வரை வலிப்பதற்குக் காரணமாக முடியாது. சித்திக்கு முதுகில் ஆபரேஷன் என்ற பேச்சு ஒரு இடத்தில் வந்தது. நல்லவேளை, பணம் புரட்ட நாளாகியது.

எனவே பொதுவாகச் சில அடிப்படைப் பரிசோதனைகள் போதும்: ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தைராய்டு, சர்க்கரை, கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம், கல்லீரல், தேவைப்பட்டால் சி.பி.கே. மற்றவை அறிகுறியைப் பொறுத்து மருத்துவர் தீர்மானிப்பது. ஃபைப்ரோமயால்ஜியாவை நேரடியாகக் காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் நடைமுறையில் இல்லை. அப்படி விற்கிறார்கள் என்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது, என்ன சொல்வது

முதலில் ஒரு நல்ல பொது மருத்துவர். அவர் அடிப்படைப் பரிசோதனைகளை முடித்த பிறகு ருமட்டாலஜிஸ்ட். நம் வழக்கம் வலி என்றால் நேரே எலும்பு டாக்டர்தான். எலும்பு முறிவு, தேய்மானம், ஆபரேஷன் என்றால் அவர்தான் சரி. உடல் முழுதும் பரவிய வலிக்கு ருமட்டாலஜி துறை பொருத்தமானது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்குத் தனித் துறை உண்டு. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களிலும் இதற்கான துறை இருக்கிறது.

உங்களுக்குக் கிடைக்கப்போவது ஐந்து நிமிஷமாக இருக்கலாம். அதனால் ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். மனித உருவம் ஒன்றை முன்பக்கமும் பின்பக்கமுமாகக் கோட்டுப்படமாக வரைந்து, வலிக்கும் இடங்களைப் பேனாவால் அடையாளமிடுங்கள். பல பக்கம் பேசுவதை அந்தப் படம் ஒரு பார்வையில் சொல்லிவிடும். எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதுங்கள்: காய்ச்சல், விபத்து, பிரசவம், ஒரு சாவு. இரண்டு வாரத்துக்குத் தூக்கத்தை எழுதி வையுங்கள். குறட்டை உண்டா என்று கூடப் படுப்பவரிடம் கேளுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் இதே அசதியைத் தரும். எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்தும், நாட்டு மருந்து உட்பட. பிறகு, முன்பு செய்து இப்போது முடியாமல் போன வேலைகள். 'ரொம்ப வலி' என்பதைவிட 'துணியைப் பிழிய முடியவில்லை, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க முடியவில்லை' என்பது மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

வலியைச் சொல்வதில் தமிழுக்கு இருக்கும் வசதியை நாம் மருத்துவமனை வாசலிலேயே விட்டுவிடுகிறோம் என்பது என் ஆதங்கம். குடைச்சல், குத்தல், உளைச்சல், கடுப்பு, பிடிப்பு, இழுப்பு, எரிச்சல், மதமதப்பு என்று எத்தனை சொற்கள்! எல்லாவற்றையும் விட்டுவிட்டு 'பெயின்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறோம். எரிச்சல், மதமதப்பு, ஷாக் அடிப்பது என்றால் மருத்துவர் நரம்பை நினைப்பார். பிடிப்பு என்றால் தசை. கால் உளைச்சலால் ராத்திரி காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றால், அமைதியற்ற கால் என்ற தனி நோயும் இரும்புச்சத்துக் குறைவும் நினைவுக்கு வரும். உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள். ஒரு சொல்லை மட்டும் பார்த்துப் பயன்படுத்துங்கள்: வாதம். பக்கவாதத்துக்கும் அதுதான், முடக்குவாதத்துக்கும் அதுதான். 'வாதம்னு சொன்னாங்க' என்றால் யாருக்கும் எதுவும் புரியாது.

கடைசியில் நேராகவே கேளுங்கள்: "டாக்டர், இது ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்குமா? இல்லைன்னா எதனால இல்லைன்னு நினைக்கிறீங்க?" பதில் 'ஆமாம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் அந்தக் காரணம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதை ஃபைலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த மருத்துவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

பெயர் கிடைத்த பிறகு

மருந்துச்சீட்டில் அமிட்ரிப்டிலின் அல்லது டுலோக்செடின் என்று இருக்கும். வீட்டுக்கு வந்து போனில் தேடினால் 'மனச்சோர்வு மாத்திரை' என்று வரும். "எனக்குப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டாங்க" என்று அந்த இடத்திலேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். சித்தியும் நிறுத்தினார். வலியைத் தணிக்க மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வரும் செய்திகளுக்கு வேண்டிய ரசாயனங்கள்தான் மனநிலைக்கும் வேண்டியவை. அதனால் இரண்டுக்கும் ஒரே மருந்து உதவுகிறது. அமிட்ரிப்டிலின் இந்த நோய்க்கு 10 மி.கி. போன்ற சிறிய அளவில்தான் தொடங்கும். மனச்சோர்வுக்குத் தேவைப்படுவது அதைப்போலப் பல மடங்கு. இதை மருத்துவர் ஒரு நிமிஷம் எடுத்துச் சொல்லியிருந்தால் சித்திக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

மருந்தில் ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிகாபலின் என்ற நரம்பு வலி மருந்துக்கு அமெரிக்கா 2007இல் இந்த நோய்க்கென்றே அனுமதி கொடுத்தது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்போ 2021இல், ஃபைப்ரோமயால்ஜியாவையும் உள்ளடக்கிய இந்த வகை வலிக்கு அதைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றது. எல்லோரும் ஒத்துப்போவது உடற்பயிற்சியில்தான். ஐரோப்பிய ருமட்டாலஜி சங்கம் தன் பரிந்துரைகளில் உறுதியாகச் சொன்ன ஒரே சிகிச்சை அது. வலிக்கிறவரிடம் நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். அதனால்தான் தொடக்கம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும்: முதல் வாரம் ஐந்து நிமிஷம், உடம்பு ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் ஆறு. நல்ல நாளில் சேர்த்து வைத்த வேலையெல்லாம் செய்துவிட்டு மூன்று நாள் படுத்துவிடுவதுதான் இந்த நோயாளிகள் எல்லோரும் விழும் குழி. கொஞ்சம் உழைத்தாலே மறுநாள் அடியோடு சாய்ந்துவிடுகிறது என்றால் நாள்பட்ட களைப்பு நோயும் இருக்கலாம், அதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குப் பயிற்சி விதிகள் வேறு.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பது இந்த வலிக்குப் பெரிதாக உதவாது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பெயர் எழுதாத பொடி, பெயர் சொல்லாத ஊசி எதுவானாலும் வேண்டாம். ஒரு நாளில் வலி பறந்துபோனது என்றால் உள்ளே ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். அது சர்க்கரையை ஏற்றும், எலும்பைக் கரைக்கும், உண்மையான மூட்டு அழற்சி இருந்தால் அதையும் மறைத்துவிடும்.

சித்தி இப்போது தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய் வருகிறார், அங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு. வலி போகவில்லை, குறைந்திருக்கிறது. மஞ்சள் பை பரணில் இருக்கிறது. போன ஆடியில் வலது மணிக்கட்டு மட்டும் சிவந்து வீங்கியது. "எனக்குத்தான் ஃபைப்ரோ இருக்கே, அதா இருக்கும்" என்று விட்டுவிடப் பார்த்தார். ஃபைப்ரோமயால்ஜியாவில் மூட்டு வீங்கிச் சிவக்காது என்று தெரிந்திருந்ததால் அன்றே கூட்டிக்கொண்டு போனோம். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருந்தது. அதற்குத் தனி மருந்து கொடுத்தார்கள், பத்து நாளில் வீக்கம் வடிந்துவிட்டது.